பிராசசரை மாற்றும் முன் ஹார்ட் டிஸ்க்கைப் பாருங்கள்!

கடைக் கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டது என்று சொன்னால் நம்மவர்களுக்கு இரண்டே யோசனைதான் கிடைக்கிறது. "இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்குங்கள்" என்பது ஒன்று. "பிராசசரை மாற்றுங்கள், பறக்கும்" என்பது மற்றொன்று. இரண்டாவது யோசனையை நம்பிப் பணம் செலவழித்து, அதன் பிறகும் அவதிப்பட்டவர்கள் என்ற முறையில் இதை எழுதுகிறோம். பழைய கம்ப்யூட்டரில் கை வைப்பதானால் முதலில் மாற்ற வேண்டியது ஹார்ட் டிஸ்க். பிராசசர் கடைசிதான், மளிகைக் கடைக் கணக்குக்குப் பெரும்பாலும் அது தேவையே இல்லை.

எங்களுடையது காடாம்புலியூரில் சாலையோர மளிகைக் கடை. சீசனில் முந்திரிக்கொட்டைக் கொள்முதலும் உண்டு. எங்கள் கம்ப்யூட்டர் 2014இல் அசெம்பிள் செய்து வாங்கியது. இன்டெல் ஐ3 நான்காம் தலைமுறை பிராசசர், 4 ஜி.பி. ராம், 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க். அன்றைக்கு அது ராஜா. மதிப்புக் கூட்டு வரிக் காலத்தில் பில் போடவும், மாதக் கணக்கு எழுதவும் தாராளமாகப் போதுமானதாக இருந்தது. 2017 ஜூலை 1ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தது. அடுத்த ஆண்டு இ-வே பில் வந்தது. விண்டோஸ் 7 போய் விண்டோஸ் 10 வந்தது. டேலியும் 2020இல் டேலி பிரைமாக மாறியது. வேலை கூடிக்கொண்டே போயிற்று. பெட்டி மட்டும் அதே பெட்டி.

பிறகு காலையில் கடை திறந்து சுவிட்சைப் போட்டால், சாமி படத்துக்கு விளக்கேற்றி, வாசல் தெளித்து, முதல் டீ குடித்து முடித்த பிறகுதான் டேலி திறக்கும் என்கிற நிலை. மாலை நேரக் கூட்டத்தில் ஒரு பில்லைச் சேமிக்க அது யோசிக்கிற யோசனையில் வாடிக்கையாளர் நம் முகத்தைப் பார்ப்பார்; நாம் கம்ப்யூட்டர் முகத்தைப் பார்ப்போம்.

பக்கத்து ஊரில் கம்ப்யூட்டர் சரிசெய்யும் ஒருவரிடம் சொன்னோம். வந்து பார்த்து, "ஐ3 பத்தாது, ஐ7 போட்டுடலாம். உங்க போர்டுலயே உட்காரும்" என்றார். அவர் சொன்னது பொய் இல்லை. நான்காம் தலைமுறை போர்டில் அதே தலைமுறை ஐ7 உட்காரத்தான் செய்யும். பழைய பிராசசர் ஒன்றை நாலாயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கிப் போட்டார். ஐ3க்குள்ளே கணக்குப் போடும் ஆள் இரண்டு பேர் என்றால் ஐ7க்குள்ளே நான்கு பேர். மறுநாள் காலை சுவிட்சைப் போட்டோம். விளக்கேற்றி, வாசல் தெளித்து, டீயும் குடித்தாயிற்று. அப்போதுதான் டேலி திறந்தது.

ஏன் என்பது எங்களுக்குப் பிற்பாடுதான் புரிந்தது. நம் தொழிலை வைத்தே சொல்லிவிடலாம். பிராசசர் என்பது கல்லாவில் உட்கார்ந்து கணக்குப் போடும் ஆள். ராம் என்பது அவருக்கு முன்னால் இருக்கிற மேசை. ஹார்ட் டிஸ்க் என்பது பின்னால் இருக்கிற குடோன். கல்லாவில் நான்கு கெட்டிக்காரர்களை உட்கார வைத்தாலும், குடோனிலிருந்து சரக்கு எடுத்து வருகிற ஆள் ஒருவர்தான், அவரும் முழங்கால் வலிக்காரர் என்றால், நால்வரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

ஹார்ட் டிஸ்க்குக்குள்ளே சுழலும் தட்டு இருக்கிறது. மேசைக் கம்ப்யூட்டர்களில் போடும் வழக்கமான டிஸ்க் நிமிடத்துக்கு 7,200 சுற்று, அதாவது வினாடிக்கு 120 சுற்று சுழலும். படிக்கும் முள் சரியான தடத்துக்கு நகர வேண்டும். பிறகு வேண்டிய இடம் சுழன்று முள்ளுக்குக் கீழே வரும்வரை காத்திருக்க வேண்டும். இப்படி வெவ்வேறு இடத்திலிருந்து வினாடிக்கு எழுபது, எண்பது முறை எடுத்துத் தருவதே அதற்குப் பெரிய காரியம். விண்டோஸ் திறக்கும்போதும் கணக்கு திறக்கும்போதும் கேட்கப்படுவது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகள். எஸ்.எஸ்.டி. என்கிற புது வகை டிஸ்க்கில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் முள்ளும் இல்லை. அதே சின்னத் துண்டுகளை வினாடிக்குப் பல்லாயிரம் முறை எடுத்துத் தரும். பழைய பெட்டியில் பூட்டினாலும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவது இதனால்தான்.

ஐ7 போட்டதால் எங்களுக்கு வந்த இன்னொரு கஷ்டத்தையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் பழைய ஐ3 இழுக்கக்கூடிய மின்சாரம் அதிகபட்சம் 54 வாட். மாற்றிய ஐ7 இழுப்பது 84 வாட். அந்த அளவுக்குச் சூடும் கூடும். ஆனால் மேலே வைத்தது ஐ3க்கு வந்த அதே சின்ன விசிறி. சித்திரை வெயிலில், ஓட்டுக் கடையில், அந்த விசிறி போட்ட சத்தத்தில் போன் பேச முடியவில்லை. சூடு ஏறினால் பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆக, காசு கொடுத்து வாங்கிய வேகமும் மத்தியானத்தில் காணாமல் போயிற்று.

ஒரு நாள் பெட்டியைத் திறந்து பார்த்தோம். உள்ளே மாவுத் தூசி, மிளகாய்த் தூள், முந்திரித் தோல் எல்லாம் சேர்ந்து விசிறிக்கு அடியில் அடை மாதிரிப் படிந்திருந்தது. பன்னிரண்டு மணி நேரம் திறந்து வைக்கிற மளிகைக் கடையில் வேறு என்ன இருக்கும்? ஆனால் பிராசசரை மாற்ற வந்தவர் அதைத் துடைக்கக்கூட இல்லையே என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது. கரண்டை அணைத்துவிட்டு ப்ளோயரால் ஊதி, விசிறியைத் துடைத்து, பிராசசருக்கும் விசிறிக்கும் நடுவே காய்ந்துபோன பசையைச் சுரண்டிப் புதுப் பசை தடவச் சொல்லுங்கள். பாதிப் பெட்டிகளின் நோய் இதிலேயே தீர்ந்துவிடும் என்பது எங்கள் எண்ணம்.

இது வரைக்கும் நடந்தது பண நஷ்டம்தான். அது போனால் போகட்டும். 2025 ஆடி மாதத்தில் நடந்ததுதான் எங்களை இதை எழுத வைத்தது.

சில நாட்களாகவே பெட்டிக்குள்ளிருந்து 'டிக் டிக்' என்று ஒரு சத்தம். பல்லி என்று நினைத்தோம். ஒரு வெள்ளிக்கிழமை காலை சுவிட்சைப் போட்டால் கறுப்புத் திரையில் டிஸ்க்கைக் காணவில்லை என்று ஆங்கிலத்தில் எழுதிக் காட்டியது. பத்து வருடத்துக்கு மேல் சுழன்ற தட்டு நின்றுவிட்டது. இருந்த பேக்அப் பங்குனியில் பென் டிரைவில் எடுத்தது. சித்திரை, வைகாசி, ஆனி முழுக்கப் போயிற்று.

நம் பக்கத்து வியாபாரிகளுக்கு அந்த மாதங்கள் எப்படிப்பட்டவை என்று சொல்லத் தேவையில்லை. கொட்டை வருகிற காலம் அது. விவசாயிகளுக்குக் கொடுத்த முன்பணம், பிடித்த எடை, பாக்கி எல்லாம் அதில்தான் இருந்தது. உரிக்காத முந்திரிக்கொட்டையைப் பதிவு பெற்ற வியாபாரி விவசாயியிடம் வாங்கினால், வரியை வாங்குகிற நாம்தான் கட்ட வேண்டும். அதற்கு நாமே நமக்கு ஒரு பில்லும் எழுத வேண்டும். அந்தப் பில்கள் அத்தனையும் போய்விட்டன. ரிட்டர்ன் கட்ட வேண்டிய 20ஆம் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. எடைச் சீட்டுகளைச் சாக்குப் பையிலிருந்து கொட்டி, வீட்டில் நான்கு பேர் இரண்டு ராத்திரி உட்கார்ந்து மறுபடி எழுதினோம். அதாவது முடிந்தது.

கடன் பாக்கிக்குச் சீட்டு இல்லை. வீடு வீடாகப் போய், "உங்க கணக்குல எவ்வளவு இருக்குன்னு நீங்களே சொல்லுங்க" என்று கேட்டோம். பெரும்பாலானவர்கள் உள்ளதைச் சொன்னார்கள். சிலர் நாங்கள் நினைத்திருந்ததைவிட அதிகமாகவே சொல்லி எங்களைத் தலைகுனிய வைத்தார்கள். எங்கள் அப்பா காலத்திலிருந்து சாமான் வாங்குகிற ஒரு பெரியவர், "முன்பணத்தை அப்பவே திருப்பிக் குடுத்துட்டேனே தம்பி" என்றார். நம்பாமல் இரண்டாவது முறையும் போய்க் கேட்டுவிட்டோம். பிற்பாடு எடைச் சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில் அவர் கழித்த தொகை பென்சிலில் எழுதியிருந்தது கிடைத்தது. போய் மன்னிப்புக் கேட்டோம். "பரவாயில்ல" என்றார். ஆனால் அதன் பிறகு அவர் வீட்டுச் சாமான் வேறு கடையில்தான் வாங்குகிறார்கள். பிராசசருக்குச் செலவழித்த நாலாயிரத்தில் பாதியை அன்றே டிஸ்க்குக்குச் செலவழித்திருந்தால் அந்த வீட்டு வாடிக்கை போயிருக்காது.

இந்தக் கதையைக் கேட்ட மூத்த வணிகர் ஒருவர், "இதுக்குத்தான் பேரேடே மேல்னு சொல்றேன்" என்றார். மரியாதையோடு மறுக்கிறோம். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் அடித்தபோது எங்கள் கடைக் கூரை ஓடு பறந்து, பேரேடுகள் அத்தனையும் நனைந்து மை கரைந்ததை அவரும் பார்த்தவர்தான். காகிதமோ டிஸ்க்கோ, ஒரே இடத்தில் ஒரே பிரதி இருந்தால் ஒரு நாள் போகத்தான் போகும். சட்டமும் இதைச் சொல்கிறது. கணக்குகளை ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36ஆம் பிரிவு. கம்ப்யூட்டரில் கணக்கு வைப்பவர்கள், விபத்திலோ இயற்கைச் சீற்றத்திலோ அழிந்தாலும் மீட்டெடுக்கும்படி முறையாக பேக்அப் வைத்திருக்க வேண்டும் என்பது 57ஆம் விதி. அதிகாரி கேட்டால் பல்லி சத்தம் என்று நினைத்தோம் என்று பதில் சொல்ல முடியாது.

சரி, எஸ்.எஸ்.டி. மாற்றப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. பழைய பெட்டிக்கு ஏற்றது இரண்டரை அங்குல சாட்டா வகை. பபுள்கம் பட்டை மாதிரி இருக்கிற புது வகையை விலை மலிவு என்று வாங்கி வந்துவிடாதீர்கள். அதைச் சொருக எங்கள் காலத்துப் போர்டுகளில் பெரும்பாலும் இடமே இருக்காது. எங்களுடையது எச்81 வகைப் போர்டு. அதில் டிஸ்க் சொருகும் இடம் நான்கு. அவற்றில் இரண்டுதான் முழு வேகம் கொண்டவை. மாற்றுகிறவரிடம் அதைக் கேட்டுச் சொருகச் சொல்லுங்கள். மளிகைக் கடைக் கணக்குக்கு 256 ஜி.பி. தாராளம். பெயர் தெரியாத கம்பெனிச் சரக்கு வேண்டாம். பில்லும் வாரண்டியும் கேட்டு வாங்குங்கள். பில் இல்லாமல் வாங்க நமக்குள்ளேயே வெட்கமாக இருக்க வேண்டாமா? ராம் 4 ஜி.பி. தான் என்றால் இன்னொரு 4 ஜி.பி. சேர்ப்பது நல்லது. நான்காம் தலைமுறைப் போர்டுகளில் பெரும்பாலும் டி.டி.ஆர்.3 வகைதான் சேரும். புதிய வகை சேராது.

டேலி வைத்திருப்பவர்கள் ஒன்றை மறக்கவே கூடாது. டேலி லைசென்ஸ் அந்தக் கம்ப்யூட்டரோடு கட்டப்பட்டது. டிஸ்க்கைக் கழற்றுவதற்கு முன் லைசென்ஸை 'சரண்டர்' செய்துவிட்டு, புது டிஸ்க்கில் திரும்ப ஆக்டிவேட் செய்யுங்கள். இல்லாவிட்டால் அது படிக்கிற பிள்ளைகளுக்கான எஜுகேஷனல் முறையில்தான் திறக்கும். மாதத்தின் முதல் இரண்டு தேதிகளும் கடைசித் தேதியும் தவிர வேறு தேதியில் பதிவு போட விடாது. மீதி நாளெல்லாம் கடையை மூடிவிட்டா உட்கார முடியும்?

எஸ்.எஸ்.டி.யிலும் ஒரு குறை உண்டு. அதை மறைக்க மாட்டோம். பழைய டிஸ்க் சாவதற்கு முன் டிக் டிக் என்று நோட்டீசாவது கொடுத்தது. எஸ்.எஸ்.டி. பெரும்பாலும் சத்தமே இல்லாமல் போய்விடும். ஆகவே வேகம் வந்துவிட்டது என்று பேக்அப்பை விடக் கூடாது. எங்கள் கடையில் இப்போது இரண்டு பென் டிரைவ். இரவு கல்லா எண்ணி முடித்ததும் ஒன்றில் பேக்அப் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகிறோம்; மறுநாள் மற்றது. மின்சாரம் எடுக்கிற நெய்வேலி பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனாலும் கரண்டு போகும்போது போகிறதே! யு.பி.எஸ். பேட்டரி செத்துப்போய் அலங்காரத்துக்கு வைத்திருப்பவர்கள் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

கழற்றிய பழைய டிஸ்க்கைப் பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். ஃபைல்களை அழித்தாலும் உள்ளே இருப்பது போவதில்லை. நம் வாடிக்கையாளர் போன் நம்பரும், யார் வீட்டில் எவ்வளவு கடன் என்பதும் அதில் இருக்கிறது. எங்களுடையதைத் தேங்காய் உடைக்கிற கல்லில் வைத்துச் சுத்தியலால் நாலு போடு போட்டோம். அதில் கொஞ்சம் கோபமும் தீர்ந்தது.

மாற்றியதன் பலன் இரண்டு மாதத்தில் தெரிந்தது. 2025 செப்டம்பர் 22ஆம் தேதி ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. சோப்பு, பற்பசை, ஷாம்பு, தேங்காய் எண்ணெயில் வருகிற தலைத் தைலங்கள், பிஸ்கட் எல்லாம் 18 சதவீதத்திலிருந்து 5 ஆயிற்று. நெய்யும் வெண்ணெயும் 12லிருந்து 5. முந்தைய ஞாயிற்றுக்கிழமை இரவு உட்கார்ந்து அத்தனை சரக்குக்கும் விகிதம் மாற்றினோம். பழைய டிஸ்க்கில் என்றால் விடிந்திருக்கும். பதினொன்றரைக்குப் படுக்கப் போய்விட்டோம்.

இவ்வளவு சொல்லிவிட்டு மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் தப்பாகிவிடும். விண்டோஸ் 10க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்தியது. பதிவு செய்துகொள்ளும் தனி நபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு என்று அறிவித்தது. விண்டோஸ் 11 முறையாக ஏற, இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் குறையக் கூடாது. எங்கள் ஐ7 நான்காம் தலைமுறை. எட்டாம் தலைமுறை பிராசசர் எங்கள் போர்டில் உட்காராது. போர்டு, ராம், பிராசசர் மூன்றையும் மாற்ற வேண்டும். அது பழைய பெட்டியைப் புதுப்பிப்பது ஆகாது, பழைய தகரத்துக்குள் புதுக் கம்ப்யூட்டர் வாங்குவதாகும். பெயரில் ஐ7 என்று இருப்பதை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஐ7 என்பது ரகம்தான். எந்த அறுவடை என்பதும் முக்கியம். கொள்முதல் செய்யும்போது போன வருடக் கொட்டையா, இந்த வருடக் கொட்டையா என்று கடித்துப் பார்க்கிற நாம் இதிலும் அப்படிக் கேட்க வேண்டும்.

ஆகவே நாங்கள் செய்திருப்பது இதுதான். பழைய பெட்டியில் பில்லும் டேலியும் மட்டும். பேங்க் வேலையை அதில் செய்வதே இல்லை. இப்படி இன்னும் ஓரிரு வருடம் ஓட்டிவிட்டு, கம்பெனிகள் கழிக்கிற பழைய மேசைக் கம்ப்யூட்டர்களில் எட்டாம் தலைமுறைக்கு மேற்பட்டதாகப் பார்த்து வாங்குவோம். எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி அதில் போட்டுக்கொள்ளலாம். அந்தக் காசு வீணாகாது. ஐ7க்குக் கொடுத்த காசுதான் இந்தப் பெட்டியோடு போய்விடும். உங்கள் பெட்டி எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ என்றால் யோசிக்கவே வேண்டாம், டிஸ்க்கையும் ராமையும் மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். இதை ஒவ்வொரு கடையும் தனித்தனியாக ஏமாந்து கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. மே 5ஆம் தேதி வணிகர் தினத்துக்கு நாம் கடை மூடுகிறோம். மாநாட்டுக்கு வேன் ஏறுகிறவர்கள் ஏறட்டும். ஊரில் இருப்பவர்கள் அன்று பெட்டிகளைச் சங்கக் கட்டடத்துக்குக் கொண்டு வந்தால், நம்பகமான சர்வீஸ்காரர் இருவரை வரவழைத்து, தூசி ஊதி, டிஸ்க்கைச் சோதித்து, மாற்ற வேண்டியதை நம் கண் முன்னாலேயே மாற்றிவிடலாம். எஸ்.எஸ்.டி.யை மொத்தமாக வாங்கினால் விலையும் குறையும். மொத்த வியாபாரத்தைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவசரத்துக்கு ஒன்று சங்கத்தில் உபரியாகவும் இருக்கட்டும். 19ஆம் தேதி ராத்திரி யாருக்காவது டிஸ்க் போனால் அவர் சென்னைக்கு ஓட வேண்டாம். ஏப்ரல் கூட்டத்திலேயே இதை முடிவு செய்தால்தான் சரக்கு வரவழைக்க நேரம் இருக்கும். ப்ளோயர் எங்கள் கடையில் இருக்கிறது. அன்று காலையே கொண்டு வந்துவிடுகிறோம்.